விசுவாசமும் குறுக்குத்தையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ விசுவாசத்தில் அன்றாடம் நடக்க விரும்புகிறவர்களும், அதே வேளையில், துணியின் கட்டங்களில் பெருக்கல் குறி வடிவில் நூலிட்டுப் படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிச் எனப்படும் குறுக்குத்தையலில் மனம் தோய்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது. சில விடைகள் வேதாகமத்தைச் சார்ந்தவை. சில துணி, நூல், ஊசி பற்றியவை. பல கேள்விகளில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. திருச்சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதை மறைக்காமல் குறிப்பிட்டு, என் சொந்தக் கருத்தை என் கருத்தாகவே எழுதியிருக்கிறேன்.

குறுக்குத்தையலை இதுவரை தொட்டதே இல்லை. தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட அய்டா துணி, ஆறு இழைகள் சேர்ந்த பருத்தி எம்பிராய்டரி நூல், முனை மழுங்கிய ஊசி, துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையம், கட்டம் போட்ட மாதிரிப் படம் ஆகிய ஐந்தும் போதும். ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ அதுவே அய்டா துணியின் எண். 11, 14, 16, 18 ஆகிய எண்கள் வழக்கத்தில் உள்ளன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 14 ஏற்றது. அந்தத் துணியில், ஆறு இழைகளிலிருந்து இரண்டை மட்டும் பிரித்தெடுத்து 24ஆம் எண் ஊசியில் கோத்துத் தைப்பார்கள். அகலத்தில் 84 தையல்களும் உயரத்தில் 112 தையல்களும் கொண்ட ஒரு மாதிரி, 14 எண் துணியில் 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமுமாக வரும்; சட்டமிடுவதற்காக நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால், 12 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்ற அளவில் துணியை வெட்ட வேண்டும்.

முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு குறுக்கிலும் மேலே படியும் கோடு ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். திசை மாறினால் நூலின் மீது ஒளி விழும் விதமும் மாறிவிடும்; ஒரே நிற நூலால் தைத்திருந்தாலும் அந்த இடம் திட்டாகத் தெரியும்.

வேதாகமத்தில் இத்தகைய கைவேலைக்கு இடம் உண்டா?

குறுக்குத்தையல் என்ற பெயர் வேதாகமத்தில் இல்லை. ஆனால் பூத்தையலும் நெசவும், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலிலேயே நிற்கின்றன. யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தின்படி, கூடார வாசலின் தொங்குதிரை இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நிற நூல்களாலான சித்திரத் தையல் வேலை. ஆரோனின் ஆசாரிய உடைகளைச் செய்கிறவர்களைக் குறித்துப் பேசும்போது, அவர்களை ஞானத்தின் ஆவியினால் தாமே நிரப்பியிருப்பதாகக் கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார் (யாத்திராகமம் 28). பின்னர் 31ஆம் அதிகாரத்தில் கூடார வேலைக்கென்று பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, அவனுக்குத் துணையாக அகோலியாபைத் தருகிறார்; இந்த அகோலியாப் நிற நூல்களால் பூத்தையல் செய்வதில் வல்லவன் என்று 38ஆம் அதிகாரம் தனியே குறிப்பிடுகிறது. ஞான இருதயமுள்ள பெண்கள் தங்கள் கைகளால் நூற்ற நூலைக் கொண்டுவந்தார்கள் என்ற செய்தி 35ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கைத்திறனை ஞானம் என்றே அழைக்கும் இந்த அதிகாரங்களை, ஊசி பிடிக்கிற எவரும் ஒருமுறையேனும் நிதானமாக வாசிக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 9ஆம் அதிகாரம் தபீத்தாளைப் பற்றிச் சொல்கிறது. தொற்காள் என்றும் அழைக்கப்பட்ட அந்தச் சீஷி யோப்பா பட்டணத்தில் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடிருந்த நாட்களில் தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் உடைகளையும் எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய பேச்சு ஒன்றுகூட அங்கே பதிவாகவில்லை. தையல் மட்டும் பதிவாகியிருக்கிறது.

வேத வசனமோ சிலுவையோ தைத்தால்தான் அது விசுவாசத்துக்குரிய வேலையாகுமா? பூக்களும் பறவைகளும் தைப்பது வெறும் பொழுதுபோக்குதானே?

இந்தக் கேள்வியில் மறைந்திருக்கும் குற்றவுணர்வு பலரை வாட்டுகிறது. ஒரு குருவியைத் தைத்துக்கொண்டிருக்கும்போது, இதற்குக் கீழே ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டால் இந்த நேரத்துக்கு நியாயம் கிடைத்துவிடுமே என்று தோன்றும். அப்படிச் சேர்க்கத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

தேவன் தமக்கென்று செய்யச் சொன்ன வேலைகளையே பாருங்கள். பிரதான ஆசாரியனின் அங்கியின் கீழோரத்தில் நிற நூலால் செய்யப்பட்ட மாதுளம்பழங்கள் தொங்கின. குத்துவிளக்கின் கிளைகளில் வாதுமைப் பூக்கள் இருந்தன. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் சுவர்களில் கேருபீன்களோடு பேரீச்ச மரங்களும் விரிந்த மலர்களும் செதுக்கப்பட்டன என்று 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. பூவும் பழமும் எந்த விளக்கமும் கேட்கப்படாமல் பரிசுத்த ஸ்தலத்துக்குள் இடம்பெற்றன. ஏனெனில் அவை ஏற்கெனவே அவருடைய படைப்புகள். ஒரு மீன்கொத்தியின் இறகில் ஒன்பது வகை நீலத்தைப் பொறுமையோடு வேறுபடுத்தித் தைக்கிறவர், படைத்தவர் கவனித்துச் செய்ததைத் தாமும் கவனித்துப் பார்க்கிறார். அந்தக் கவனிப்பு நன்றியாக மாறுவதற்கு வசனம் தேவைப்படுவதில்லை.

இதன் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். வசனம் தைத்த வேலை என்பதற்காகவே அது நல்ல வேலை ஆகிவிடாது. எழுத்துகள் கோணலாக, நூல் இறுகித் துணி சுருங்கிக் கிடக்கும் ஒரு வேலையை, பரிசுத்த வார்த்தை இருக்கிறதே என்று பாராட்டுவது அந்த வார்த்தைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 3ஆம் அதிகாரம் அறிவுறுத்துவது, அன்றாட வேலை செய்த அடிமைகளைப் பார்த்துத்தான். அவர்கள் செய்த வேலையின் மீது வசனம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தைத்துக்கொண்டே ஜெபிக்கலாமா? அது ஜெபமாக எண்ணப்படுமா?

ஜெபிக்கலாம், பலருக்கு அது இயல்பாகவும் வருகிறது. ஆனால் தைப்பதே ஜெபம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கைகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனம் அமைதியடைகிறது என்பது உண்மை. அமைதியடைந்த மனம் கர்த்தரை நோக்கித் திரும்பவும் செய்யலாம், வெறுமனே சும்மா இருக்கவும் செய்யலாம். திரும்புவது நாம் தெரிந்தெடுக்கும் செயல்.

எந்த இடத்தில் ஜெபிப்பது என்பதும் வேலையைப் பொறுத்தது. ஓரிரு தையலுக்கு ஒருமுறை நிறம் மாறும் பகுதிகளில் எண்ணிக்கை மனத்தை முழுவதும் பிடித்துக்கொள்ளும். அங்கே ஜெபத்தையும் சேர்த்தால் இரண்டுமே கெடும். வானம், தண்ணீர், பின்னணி என்று ஒரே நிறம் நீண்டு செல்லும் பகுதிகளே ஜெபத்துக்கு ஏற்றவை. சுமார் 45 செண்டிமீட்டர் நீளத்துக்கு நூலை வெட்டிக்கொள்வதுதான் வழக்கம்; அதைவிட நீண்டால் சிக்கும், துணிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து பிசிறும். அந்த ஒரு நூல் தீரும்வரை ஒருவருக்காக மன்றாடுவது, அடுத்த நூலைக் கோக்கும்போது அடுத்தவரின் பெயரை எடுப்பது என்று வைத்துக்கொண்டால், நீண்ட ஜெபக் குறிப்பு வைத்திருப்பவர்களும் தடுமாற மாட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்கூட ஊழியராக இருந்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலும் தேவ சமுகத்தை உணர்வதைத் தம் வாழ்நாள் பயிற்சியாகக் கொண்டிருந்தார். அவரும் மடத்தின் ஜெப வேளைகளை விட்டுவிடவில்லை என்பதைச் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கைகளில் ஒன்றுமில்லாமல் ஜெபிக்கும் நேரமும் நாளில் இருக்கட்டும்.

தமிழ் வசனத்தைத் தைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? எப்படி வரைபடம் தயாரிப்பது?

குறுக்குத்தையல் நேர்கோட்டுக் கட்டங்களில் பிறந்த கலை; தமிழ் எழுத்தோ சுழிகளாலும் வளைவுகளாலும் ஆனது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏழு கட்ட உயரத்திலேயே தெளிவாக நிற்கும். அதே உயரத்தில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். மேலே இகரத்தின் விசிறியும் கீழே உகரத்தின் வாலும் வேறு இடம் கேட்கும். ஆகவே எழுத்தின் உடலுக்கு மட்டும் பன்னிரண்டு கட்டங்களாவது ஒதுக்கி, மேலும் கீழும் நான்கு நான்கு கட்டங்கள் விட்டு வரையத் தொடங்குங்கள். இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் முழுக் குறுக்கை விட்டுவிட்டு, ஒரே இழையால், இடைவெளியில்லாத கோடாக அமையும் பின்தையல் போட்டு எழுத்தின் கோட்டை மட்டும் வரையலாம். புள்ளிகளுக்கு, நூலை ஊசியில் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு அழகாகப் பொருந்தும்.

இடத்தை முன்கூட்டியே கணக்கிடாவிட்டால் வரி துணியை விட்டு வெளியே போய்விடும். 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் வரும் 'மேய்ப்பராயிருக்கிறார்' என்ற ஒரே சொல்லில் பதினோரு எழுத்துகள் உள்ளன. எழுத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு கட்டம் என்றால் 132 கட்டங்கள். 14 எண் துணியில் அந்தச் சொல்லுக்கு மட்டுமே ஒன்பதரை அங்குலம் வேண்டும். இப்படிப்பட்ட சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதைவிட, குறுகிய வசனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய மொழிபெயர்ப்பா, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, அச்சிட்ட நூலைத் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒற்றுப் பிழை தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

இயேசுவின் முகத்தைத் தைப்பது விக்கிரகக் கட்டளைக்கு விரோதமானதா?

இதில் திருச்சபைகள் ஒருமனப்பட்டவை அல்ல. 787ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் திருவுருவங்களுக்கு மரியாதை செலுத்துவதை ஏற்று, ஆராதனை தேவனுக்கு மட்டுமே உரியது என்று வரையறுத்தது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்த வழியில் நிற்கின்றன. சீர்திருத்த மரபைச் சேர்ந்த பலர், கிறிஸ்துவை எந்த வடிவிலும் சித்திரிக்காமல் இருப்பதே இரண்டாம் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்று கருதுகிறார்கள். உங்கள் மனச்சாட்சியும் உங்கள் சபையின் போதனையும் எங்கே நிற்கின்றனவோ அங்கே நில்லுங்கள்; பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் பெறுகிறவரின் மனச்சாட்சியையும் எண்ணிப் பாருங்கள்.

தொழில்நுட்ப நோக்கிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. முகத்துக்குச் சதையின் நிறத்தில் மிக நெருங்கிய சாயல்கள் பல வேண்டும்; சிறிய அளவில் ஒரே ஒரு தையல் இடம் மாறினாலும் முகபாவம் மாறிவிடும்.

ஓய்வுநாளில் தைக்கலாமா? பிரசங்கம் கேட்கும்போது?

பெசலெயேலை அழைத்த அதே 31ஆம் அதிகாரம், அடுத்த மூச்சிலேயே ஓய்வுநாளைப் பற்றிப் பேசுகிறது. தேவனுடைய வாசஸ்தலத்தைச் செய்யும் வேலைகூட ஏழாம் நாளில் நின்றாக வேண்டும் என்பதே அந்த வரிசையின் பொருள் என்று விளக்கவுரையாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவந்திருக்கிறார்கள். விற்பனைக்காகவோ கெடுவுக்காகவோ தைக்கிறவருக்கு ஊசி ஒரு வேலைக் கருவி. அவர் அன்று அதை எடுக்காமல் இருப்பது நலம். வாரம் முழுவதும் வேறு வேலை செய்து களைத்தவருக்கு அதே ஊசி இளைப்பாறுதலாக இருக்கலாம். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை இரு சாராருமே தம்மைச் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்தலாம்.

பிரசங்க வேளையில் கை இயங்கினால்தான் காது கேட்கும் என்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். வேத ஆராய்ச்சிக் கூட்டங்களில் அனுமதி கேட்டுவிட்டு, எண்ணத் தேவையில்லாத பகுதியைத் தைக்கலாம். ஆராதனையில், குறிப்பாகத் திருவிருந்தின்போது, கைகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பெற்றுக்கொள்வதற்குத்தானே அங்கே வருகிறோம்.

நேரமும் பணமும் வீணாகிறது என்று வீட்டில் சொல்கிறார்களே?

மாற்கு 14ஆம் அதிகாரத்தில், விலையுயர்ந்த பரிமளதைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றிய பெண்ணைப் பார்த்து, முந்நூறு பணத்துக்கு மேலாக விற்றிருக்கலாமே என்று சிலர் முறுமுறுத்தார்கள். இயேசுவோ அவள் செய்ததை நற்கிரியை என்றார். பயன் என்ற ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை என்று இதிலிருந்து கற்கலாம். ஆயினும் இந்தப் பகுதியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நூலும் துணியும் வாங்கிக் குவிக்கவும் கூடாது. இந்த ஆயுளில் தைக்க முடியாத அளவுக்கு மாதிரிகளைச் சேர்த்து வைத்திருப்பவர், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையை லூக்கா 12ஆம் அதிகாரத்தில் மீண்டும் வாசிக்கட்டும். கையிருப்பில் பாதியைக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது எளிய மருந்து. வீட்டில் குறை சொல்லப்படுவது பணத்தைப் பற்றியதா, அல்லது உங்கள் முகம் எப்போதும் வளையத்தின் மீதே குனிந்திருப்பதைப் பற்றியதா என்பதையும் கேட்டறியுங்கள்.

பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமா? பிரசங்கங்களில் சொல்லும் உவமை நினைவுக்கு வருகிறதே.

அந்த உவமை இதுதான்: நாம் பார்ப்பது தையலின் பின்பக்கம், அங்கே முடிச்சும் சிக்கலுமே தெரியும், முன்பக்கத்தின் அழகான படத்தைத் தேவன் மட்டும் பார்க்கிறார். பலருக்கு இது ஆறுதல் தந்திருக்கிறது; அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உங்கள் துயரம் ஓர் அழகான படத்தின் பின்பக்கம் என்று சொல்வது கொடுமையாக முடியும். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு படத்தை விளக்கவில்லை, கண்ணீர் விட்டார். தைக்கத் தெரிந்தவர்கள் இந்த உவமையை எடுத்துக் கையாளும்போது இன்னும் கூடுதலான நிதானம் வேண்டும்.

கேள்வியின் நடைமுறைப் பகுதிக்கு வருவோம். திறமையாகத் தைத்த வேலையின் பின்பக்கம் சிக்கலாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நூலின் தொடக்கத்தை முடிச்சிடாமல் முதல் சில தையல்களின் அடியில் அழுத்திவைத்து, முடிவையும் அவ்வாறே செருகிவிட்டால் துணி தட்டையாக அமையும். அடர்நிற நூலை வெற்றுத் துணியின் பின்னால் நெடுந்தூரம் இழுத்துச் செல்லாதீர்கள். முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். இவற்றைத் தாண்டி, பின்பக்கமும் முன்பக்கம்போலவே இருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்வது தேவையற்றது.

விசுவாசம் தளர்ந்திருக்கும் காலத்தில் தைப்பதற்கு என்ன அர்த்தம்?

லண்டனில் உள்ள விக்டோரியா மற்றும் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 1830ஆம் ஆண்டையொட்டி எலிசபெத் பார்க்கர் என்ற இளம்பெண் தைத்த துணி ஒன்று இருக்கிறது. அதில் பூ இல்லை, ஓரச் சித்திரம் இல்லை; வெளிர் துணியில் சிவப்பு நூலால், குறுக்குத்தையலில், வரிக்கு வரி எழுத்துகள் மட்டுமே. வீட்டு வேலைக்காரியாக இருந்த அவர், எழுத இயலாததால் இதை இவ்வாறு பதிப்பதாகத் தொடங்கி, எசமானர் தமக்கு இழைத்த கொடுமையையும், உயிரை மாய்த்துக்கொள்ளத் தமக்கு வந்த எண்ணத்தையும், தம் ஆத்துமாவைப் பற்றிய பயத்தையும், தேவனிடம் மன்றாடியதையும் ஒவ்வொரு எழுத்தாகத் தைத்திருக்கிறார். தன் ஆத்துமா என்னவாகும் என்ற கேள்வியோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே துணி வெறுமையாக இருக்கிறது. அவர் பிற்காலத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்து முதுமை வரை வாழ்ந்தார்.

சங்கீதங்களில் பல புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. எனவே விசுவாசம் தளர்ந்த நாட்களில் வெற்றி முழக்கமான வசனத்தைத் தைத்து உங்களை நீங்களே கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. புலம்பலைத் தையுங்கள், அல்லது ஒன்றும் பேசாத இலைகளைத் தையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருமானால், துணியோடு நிறுத்திக்கொள்ளாமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் உடனே வாய் திறந்து சொல்லுங்கள்.

தைத்ததை மற்றவர்களுக்கோ ஆலயத்துக்கோ கொடுக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

துக்க வீட்டுக்குக் கொடுக்கும்போது, காரணம் கற்பிக்கும் வசனங்களைத் தவிருங்கள். இறந்தவரின் பெயரும் ஒரு சிறு மலரும் போதுமானவை. ஆலயத்துக்கு என்றால் முதலில் பொறுப்பிலுள்ளவரிடம் கேட்டு, அளவும் நிறமும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் 1930களில் லூயிசா பெசல் என்பவரின் வழிகாட்டுதலில் தன்னார்வலர்கள் கூடி முழங்கால் மெத்தைகளைத் தைத்தார்கள். அவர்கள் கையாண்டது கெட்டியான கான்வாஸ் துணியும் கம்பளி நூலும். முழங்கால்களின் அழுத்தத்தை அய்டா துணியும் பருத்தி நூலும் அவ்வளவு காலம் தாங்காது. கொடுப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பால் அலசி, தடித்த துண்டின் மீது முகம் கவிழ்த்து இஸ்திரி போட்டால் தையல்கள் நசுங்காமல் எழுந்து நிற்கும்.

மாதிரிப் படத்தை நகலெடுத்துச் சபையில் எல்லோருக்கும் கொடுக்கலாமா?

வடிவமைத்தவரின் அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஊழியத்துக்காகத்தானே என்ற வாதம், களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை மாற்றிவிடாது. இலவசமாகப் பகிரலாம் என்று வடிவமைப்பாளரே எழுதியிருப்பவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்களே வரையுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

11 எண் துணி, மூன்று இழை, ஒரு மாலைக்குள் முடியும் சிறு படம். வசனத்தைத் தண்டனையாகத் தைக்கச் சொல்லாதீர்கள். பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறுமிகள் தைத்த மாதிரித் துணிகள், அதாவது தையல் பழகுவதற்காகவும் திறனைக் காட்டுவதற்காகவும் தைத்த துணிகள், இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஒரே சிவப்பு நூலால், பலவகை எழுத்து வரிசைகளும் நுண்ணிய கோலங்களும் நெருக்கமாக நிறைந்தவை. துணிமணிகளில் அடையாள எழுத்து தைக்கத் தெரிந்திருப்பது, அந்தச் சிறுமிகள் வெளியே சென்று வேலை தேடிக்கொள்ள உதவிய பயிற்சி. ஜெபமும் பிழைப்புக்கான திறனும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முடித்த வேலையில் என் பெயரைத் தைப்பது பெருமையாகாதா?

ஆகாது. இங்கிலாந்தில் தேதியிட்டுக் கிடைத்துள்ள மாதிரித் துணிகளில் மிகப் பழையது 1598ஆம் ஆண்டுக்குரியது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தம் பெயரையும், ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியையும் அதில் தைத்து வைத்ததால்தான் இவ்விருவரையும் இன்று அறிகிறோம். பெசலெயேலின் பெயரும் அவனுடைய தகப்பனின் பெயரும் கோத்திரமும்கூட வேதாகமத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும், பின்னணியைவிட ஒரு சாயல் மட்டுமே அடர்ந்த நூலால், ஒற்றை இழைப் பின்தையலில், கீழ் மூலையில் தையுங்கள். யாருக்காக, எந்த நாளை முன்னிட்டுத் தைத்தீர்கள் என்பதைத் தனித் துணித் துண்டில் எழுதிப் பின்பக்கத்தில் இணைத்துவிட்டுச் சட்டமிடுங்கள். சட்டத்தின் ஓரம் எழுத்துகளை மறைக்காதபடி, கடைசித் தையலுக்கும் சட்டத்துக்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.